பாபநாசத்திலிருந்து திருச்சிக்கு, கத்திரி வெயிலில், எந்தச் செருப்பு?

கேள்வியைச் சுருக்கி எழுதிவிடுகிறேன். கேட்டவருக்கு வயது முப்பத்து நான்கு. பாபநாசத்தில் வீடு, திருச்சி கன்டோன்மென்ட் பக்கம் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை. காலை பாசஞ்சரில் போய் இரவு ரயிலில் திரும்புகிறார். அலுவலகத்தில் மூடிய கறுப்புக் காலணிதான் போட வேண்டும். மார்ச் மாதம் பிறந்ததிலிருந்து விரல் இடுக்கில் அரிப்பு, குதிகாலில் கொப்புளம். மாலையில் காலணியே பத்தாமல் போகும் அளவுக்குக் கால் வீங்குகிறது, கழற்றினால் நாற்றம். "இரண்டாயிரம் ரூபாய்க்குள் கோடைக்கு ஏற்ற ஒரு செருப்பு சொல்லுங்கள். இன்னும் விலை கூட்டி வாங்கினால் இந்தத் தொல்லை தீருமா?" என்கிறார். சர்க்கரை நோய் உள்ள மாமியாருக்கும், பைக்கில் தஞ்சாவூர் போய்வரும் கணவருக்கும் சேர்த்து யோசனை கேட்டிருக்கிறார்.

கும்பகோணத்தில் முப்பது ஆண்டுகளாகச் செருப்புக் கடை வைத்திருக்கிறேன். நான் மருத்துவன் இல்லை. ஆனால் ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது பாதங்களையாவது குனிந்து பார்க்கிறவன். அளவு பார்க்கக் கையை நீட்டினால் "ஐயோ, காலைத் தொடாதீர்கள்" என்று பதறிப் பின்னுக்கு இழுத்துக்கொள்பவர்கள் இன்றும் உண்டு. அப்படி இழுத்துக்கொள்ளும் காலில்தான் பெரும்பாலும் நீங்கள் சொன்ன அத்தனையும் இருக்கும்.

விலை கூட்டினால் தீராது. கடைக்காரனே இப்படிச் சொன்னால் நம்புவீர்கள் என்று நினைக்கிறேன். நாலாயிரம் ரூபாய் மூடிய காலணிக்குள்ளும் உங்கள் கால் இதே பாடுதான் படும். வெயில் உங்கள் காலைச் சுடுகிறது, உண்மை. ஆனால் கெடுப்பது ஈரம். உள்ளங்கையும் உள்ளங்காலும்தான் உடம்பில் வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக அமைந்த இடங்கள். இரண்டு பாதங்களிலும் சேர்த்துச் சுமார் 2.5 லட்சம் என்பார்கள். வியர்வைக்குத் தனியாக நாற்றம் கிடையாது. அது வெளியேற வழியில்லாமல் தோலை ஊறவைக்கும்போது, அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள் அதைச் சிதைத்து ஐசோவலரிக் அமிலம் போன்றவற்றை உண்டாக்குகின்றன. மூக்கைத் துளைப்பது அதுதான். டெல்டாவில் காற்றிலும் ஈரப்பதம் அதிகம் என்பதால், ஊறிய காலணி ஓர் இரவில் காய்வதில்லை. மறுநாள் காலை நேற்றைய ஈரத்துக்குள்ளேயே மறுபடி காலை நுழைக்கிறீர்கள்.

விரல் இடுக்கு அரிப்புக்கு நம் பக்கத்தில் பழைய பெயர் இருக்கிறது: சேற்றுப்புண். நடவுக் காலத்தில் நாள் முழுவதும் சேற்றில் நிற்கும் பெண்களுக்கு வரும். என் அம்மா மருதாணியை அரைத்து விரல் இடுக்குகளில் அப்பிக்கொண்டு படுப்பார். காலையில் பாதமெல்லாம் சிவந்திருக்கும். இன்று வயலில் கால் வைக்காதவர்கள், ஏசி அறையில் உட்கார்ந்து கணினியில் தட்டுகிறவர்கள், அதே புண்ணோடு கடைக்கு வருகிறார்கள். அன்று சேறு ஊறவைத்தது, இன்று ரெக்சின் ஊறவைக்கிறது. சுண்டுவிரலுக்கும் அதை அடுத்த விரலுக்கும் நடுவில் தோல் வெள்ளையாக வெந்ததுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். மருந்துக் கடையில் க்ளோட்ரிமசோல் களிம்பு கிடைக்கும். அரிப்பு நின்றதும் களிம்பை நிறுத்திவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. தோல் சரியான பிறகும் ஓரிரு வாரம் போட வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் தோல் மருத்துவரிடம் போங்கள். இது ஆறாத காலுக்கு எந்தச் செருப்பு வாங்கினாலும் அந்தச் செருப்பும் தொற்றைச் சுமக்கும்.

இப்போது உங்கள் நாளைப் பிரித்துப் பார்க்கலாம். வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை நடை. பிறகு எழுபது கிலோமீட்டருக்கு மேல் ரயில். தஞ்சாவூர் வரை நின்றுகொண்டுதான் போவீர்கள் என்று ஊகிக்கிறேன். திருச்சி ஜங்ஷனில் படியேறி இறங்கி, அங்கிருந்து தார்ச்சாலையில் கால் மணி நேரம். அப்புறம் எட்டு மணி நேரம் ஏசி, பளபளக்கும் தரை. மாலையில் இதே வழி திரும்ப. கத்திரியில் திருச்சி நாற்பது டிகிரியைத் தொடும் நாளில் தார்ச்சாலையின் மேற்பரப்பு அறுபதைத் தாண்டும். அலுவலக விதி அந்த எட்டு மணி நேரத்துக்கு மட்டும்தான். நீங்கள் அதைப் பதின்மூன்று மணி நேரமாகச் சுமக்கிறீர்கள்.

ஆகவே ஒரு ஜோடி கேட்டவருக்கு இரண்டு ஜோடி சொல்கிறேன், அதே இரண்டாயிரத்துக்குள். சாலைக்கு ஒன்று, மேசைக்கு ஒன்று. கறுப்புக் காலணியை அலுவலகத்திலேயே, மேசைக்கு அடியில் ஒரு துணிப்பையில் வைத்துவிடுங்கள். போனதும் கழிப்பறையில் காலை அலம்பி, விரல் இடுக்குகளை ஒரு பழைய துண்டால் ஒற்றிவிட்டு மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு நிமிட வேலை. இந்த ஒன்றைச் செய்தாலே பாதித் தொல்லை போய்விடும். இப்போது இருக்கும் காலணியைத் தூக்கிப் போட வேண்டாம். விரல் நெருக்கவில்லை என்றால் அதுவே மேசைக்குப் போதும்.

பணத்தைப் போட வேண்டியது சாலைக்கான ஜோடியில். பின்வார் உள்ள சாண்டல் வாங்குங்கள். குதிகாலைப் பின்னால் பிடிக்க ஒரு வார், முன்பாதத்தின் மேல் அகலமான ஒன்றோ இரண்டோ வார், பக்கங்கள் திறந்தவை. பின்வார் இல்லாத செருப்பில் ஒவ்வோர் அடிக்கும் விரல்கள் தரையைக் கவ்விக்கொண்டே நடக்கும். வாசலுக்குப் போய்வரப் பரவாயில்லை, தினமும் நாலைந்து கிலோமீட்டருக்கு அது விரல்களுக்கும் கெண்டைக்காலுக்கும் தண்டனை. ஓடும் ரயிலைப் பிடிக்கக் கூடாதுதான்; பிடிக்கிறவர்களைத் தினமும் பார்க்கிறோம், அவர்களில் ஒருவருடைய ஒற்றைச் செருப்பு தண்டவாளத்தில் கிடப்பதையும் பார்க்கிறோம்.

வாரின் உட்புறத்தைக் கையால் தடவிப் பாருங்கள். மெத்தென்ற துணியோ மென்மையான தோலோ இருந்தால் நல்லது. வழுவழுப்பான ரெக்சின் நேரடியாகத் தோலில் பட்டால் அங்கே வியர்வை தேங்கி, உராய்ந்து, செருப்புக் கடி வரும். உங்கள் குதிகால் கொப்புளம் பெரும்பாலும் அப்படி வந்ததுதான். வாரைவிட முக்கியம் உள்ளங்கால் படியும் தளம். அது பளபளவென்று மூடப்பட்டிருந்தால் கால் வழுக்கும், ஈரம் நிற்கும். மெல்லிய வரிகளோ புள்ளிகளோ உள்ள தளம், அல்லது பூச்சு இல்லாத தோல்தளம் வேண்டும்.

தோல் என்றால் ஒரு வார்த்தை. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோல் தமிழ்நாட்டின் பழைய சொத்து. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பக்கத்துத் தொழிற்கூடங்களில் செய்த இந்த 'ஈஸ்ட் இந்தியா' தோலுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. இந்த வகைத் தோலுக்கு வியர்வையை உறிஞ்சி, பிறகு காற்றில் விட்டுவிடும் குணம் உண்டு. கோலாப்பூர்ச் செருப்பு வெயில் தேசத்தில் நிலைத்ததற்கு இதுவும் காரணம். பாக்டரிகளில் அதிகம் வருவது குரோமியத்தில் பதனிட்ட தோல். மென்மையாக இருக்கும், தண்ணீரைச் சற்று நன்றாகத் தாங்கும், மேலே பூச்சு கனமாக இருந்தால் மூச்சு விடாது. வெட்டிய ஓரத்தைப் பாருங்கள்: தோல் என்றால் நார் நாராகத் தெரியும், ரெக்சின் என்றால் கீழே துணி, மேலே ஒரு படலம் என்று இரண்டு அடுக்காகத் தெரியும். இவ்வளவும் சொல்லிவிட்டு, உங்களுக்கு நான் தோலைத் தர மாட்டேன். காரணம் கோடை மழை. மே மாதத்தில் மாலை நாலு மணிக்கு இருட்டிக்கொண்டு வந்து கொட்டும் மழையில் நம் வண்டல் மண் எப்படிக் காலில் அப்பும் என்று உங்களுக்கே தெரியும். ஊறிய தோல் செருப்பை நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்த வேண்டும். வெயிலில் காயவைத்தால் அப்பளமாக முறுக்கிக்கொள்ளும். மாற்று ஜோடி இருப்பவர்களுக்குத்தான் தோல்.

கீழ்த்தளத்தில்தான் வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். நம் கடைகளில் மூன்று வகை புழங்குகிறது. ஈ.வி.ஏ. என்பது நுரைபோன்ற ஒரு பிளாஸ்டிக், பொரி மாதிரி லேசானது. புதிதில் மேகத்தில் நடப்பதுபோல் இருக்கும், தினமும் நடப்பவர்களுக்கு ஆறு மாதத்தில் குதிகால் இடத்தில் குழிந்துவிடும். வெயிலில் விட்டால் சுருங்கும். மொட்டை மாடியில் கழுவிக் காயவைத்த செருப்பு மாலையில் ஓர் அளவு சிறிதாகிவிட்டது என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு; அவர்கள் சொன்னது பொய்யில்லை. தேய்ந்த ஈ.வி.ஏ. ஈரத் தரையில் வழுக்கும், ஸ்டேஷனில் துடைத்துவிட்டுப் போன கிரானைட் தரையில் கவனம். ரப்பரும், ரப்பர் போன்ற செயற்கைப் பொருளான டி.பி.ஆரும் கனமானவை, பிடிப்பு நன்றாக இருக்கும், நெடுநாள் உழைக்கும். மூன்றாவது பி.யூ. என்கிற பாலியூரித்தேன். எடையும் மென்மையும் அளவாக இருக்கும், அமுங்கினாலும் மீண்டு வரும், நடப்பதற்கு நல்லது. ஆனால் அதற்குள் ஒரு நோய் இருக்கிறது. காற்றின் ஈரம் பட்டுப்பட்டு அந்தப் பொருள் உள்ளுக்குள்ளேயே சிதையும். போடாமல் பெட்டியில் வைத்தாலும் சிதையும். காற்றாட அணிவதைவிடப் பெட்டியில் பூட்டி வைத்தால் இன்னும் மோசம். "ஒரே ஒரு கல்யாணத்துக்குப் போட்டேன், நாலு வருஷம் கழித்து எடுத்தால் சோல் ரஸ்க் மாதிரி உதிர்கிறது" என்று வருகிறவர்கள் சொல்வது இதைத்தான். பல வருடங்களுக்கு முன் ஆடித் தள்ளுபடிக்காக மலிவாகக் கிடைத்தது என்று ஒரு பெரிய லாட் எடுத்தேன். பழைய சரக்கு. புரட்டாசிக்குள் முப்பது ஜோடிக்கு மேல் சோல் பிளந்து திரும்பி வந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு, அன்றிலிருந்து பெட்டியில் அச்சிட்ட தயாரிப்பு மாதத்தையும் வருடத்தையும் பார்க்காமல் எதையும் எடுப்பதில்லை. நீங்களும் பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேல் பழைய பி.யூ. சோல் எவ்வளவு தள்ளுபடியில் கிடைத்தாலும் வேண்டாம்.

எனவே உங்களுக்கு: மேலே பி.யூ. அல்லது நல்ல கெட்டியான ஈ.வி.ஏ. மெத்தை, தரையில் படும் அடி ரப்பர். இரண்டையும் சேர்த்துச் செய்த சாண்டல்கள் நிறையவே வருகின்றன. எண்ணூறிலிருந்து ஆயிரத்து ஐந்நூறுக்குள் தரமானதாகக் கிடைக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான காலணிகளுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். அதற்கு முன் ஆயிரம் ரூபாயைத் தாண்டினாலே 18 சதவீதம். பழைய விலை ஒட்டிய பெட்டி என்றால் கேட்டுப் பேசுங்கள்.

குதிகால் உயரம் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் இருக்கட்டும். ஒரேயடியாகத் தட்டையான செருப்பு காலுக்கு நல்லது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. காலையில் படுக்கையிலிருந்து எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் முள் குத்துவதுபோல் வலிக்கிறவர்களைக் கேளுங்கள், அவர்களில் பலர் தட்டைச் செருப்புக்காரர்கள். சேலை கட்டுகிறவர் என்றால் இன்னொன்று: சாலைச் சாண்டலும் அலுவலகக் காலணியும் ஒரே உயரமாக இருக்கட்டும். மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்குக் கட்டிய சேலை, தட்டைக் காலணிக்கு மாறியதும் தரையைக் கூட்டும். ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோ வார் சேலைக் கரையையும் துப்பட்டா நூலையும் இழுத்துக் கெடுக்கும். உங்களுக்குப் பக்கிள் வார்தான் சரி, அந்தப் பக்கிள் காலின் வெளிப்பக்கம் இருக்கட்டும். உள்பக்கம் இருந்தால் எதிர்க்காலின் கொலுசைப் பிடித்து இழுக்கும். மெட்டியைக் கழற்றாமல் செருப்பைப் போட்டுப் பாருங்கள். வீங்கிய விரலில் மெட்டி இறுகி, அதன் மேல் மூடிய காலணியின் கூரிய முன்பக்கமும் அழுத்தினால், இரண்டாவது விரல் மாலையில் விண்விண்ணென்று தெறிக்கும். கால் ஆணி வருவதும் இப்படித் தினமும் அழுத்தம் விழும் இடத்தில்தான். கோடை முடியும்வரை சற்றுத் தளர்ந்த மெட்டிக்கு மாறலாம். பெரியவர்களுக்கு நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

அளவு. ஆறாம் எண், ஏழாம் எண் என்கிறோமே, ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையில் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் எட்டரை மில்லிமீட்டர். இங்கிலாந்தில் பழைய காலத்தில் ஒரு பார்லி மணியின் நீளத்தை வைத்து எண்ணிய கணக்கு அது. நெல் விளையும் பூமியில் உட்கார்ந்துகொண்டு பார்லியால் காலை அளக்கிறோம். ஐரோப்பிய எண்ணில் படி இன்னும் நெருக்கம், ஆறே முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இரண்டுமே நீளத்தைத்தான் சொல்கின்றன. நம்மவர் கால் நீளத்துக்கு அகலம் கூடுதல். செருப்புப் போடாமல் வளர்ந்த கால் என்றால் முன்பாதம் இன்னும் விரிந்திருக்கும். சென்னை அடையாறில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்து, இந்தியப் பாதங்கள் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானவை என்று கண்டு, 'பா' என்ற பெயரில் நமக்கென ஓர் அளவு முறையையும் பரிந்துரைத்திருக்கிறது. அது உங்கள் ஊர்க் கடையில் முழுதாகப் புழங்கும்வரை, அகலம் போதவில்லை என்று நீளத்தில் ஓர் எண் கூட்டி வாங்காதீர்கள். கால் முன்னால் வழுக்கி, குதிகால் பின்னால் உராயும். அதே எண்ணில் அகலமான அச்சில் செய்த வேறொரு மாடலைத் தேடுங்கள்.

ஒரு வெள்ளைத்தாளில் நின்று பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்து, அந்த உருவத்தை வெட்டி எடுத்துக் கடைக்குக் கொண்டு போங்கள். செருப்பின் தளத்தில் அந்தத் தாளை வைத்தால் ஓரங்கள் வெளியே வழியக் கூடாது. இரண்டு காலையும் வரையுங்கள், பெரும்பாலோருக்கு இரண்டு பாதமும் ஒரே அளவு இல்லை. பெரிய காலுக்குத்தான் செருப்பு. நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலத்தில் பாதியாவது இடம் வேண்டும். வாங்கும் நேரம் மாலை. ஞாயிற்றுக்கிழமை காலை குளித்துவிட்டு வந்து வாங்குகிறவர்கள்தான் புதன்கிழமை மாற்றக் கேட்டு வருவார்கள். நாளெல்லாம் தொங்கவிட்டு உட்கார்ந்த கால், நின்று வந்த கால், மாலையில் வீங்கித்தான் இருக்கும். அந்தக் காலுக்குப் பொருந்துவதுதான் உங்கள் அளவு. இரண்டு காலும் ஒன்றுபோல் வீங்காமல் ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, இரவு படுத்து எழுந்தும் வீக்கம் வடியாமல் இருந்தாலோ செருப்புக் கடையை விட்டு மருத்துவரிடம் போய்விடுங்கள். யானைக்கால் நோயால் பெயர் கெட்டுப்போன ஊர்க்காரன் நான். "வெயில் வீக்கம்தான்" என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்த பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வேண்டாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். காலை மேலே பாதி மூடும் தட்டையான பெல்லி வகை: சாக்ஸ் போடவும் முடியாது, காற்றும் வராது, இரண்டு உலகத்துக் கெடுதலும் அதில் உண்டு. ஹவாய்ச் செருப்பு: வீட்டுக்கும் குளியலறைக்கும். துளை போட்ட, மூக்கு மூடிய ரப்பர்ச் செருப்பு: கழுவ எளிது, மழைக்கு நல்லது, ஆனால் எஸ்கலேட்டரில் ஓரம் மாட்டிக்கொள்ளும் பழக்கம் அதற்கு உண்டு, ஜங்ஷனில் நடுவில் நின்று போங்கள்.

புதுச் சாண்டல் வாங்கிய அன்றே பஸ் ஸ்டாண்டு அருகில் உட்கார்ந்திருக்கும் தைக்கிறவரிடம் கொடுத்துச் சுற்றிலும் ஓரத் தையல் போட்டுவிடுங்கள். பசையால் மட்டும் ஒட்டிய சோல் சூடேறும்போது இளகும், கொதிக்கும் தாரில் நடந்து நடந்து ஒரு நாள் முன்பக்கம் வாய் பிளக்கும். ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசில் செருப்பின் ஆயுள் இரட்டிப்பாகும். முதல் வாரம் புதுச் செருப்போடு திருச்சி வரை போகாதீர்கள். மாலையில் கடைக்குப் போய்வர, அரை மணி, ஒரு மணி என்று பழக்குங்கள். வார் உரசும் இடத்தில் தேங்காய் எண்ணெயைச் செருப்பின் உட்புறத்தில் தடவலாம். கொப்புளம் வந்துவிட்டால் உடைக்காமல் மேலே பிளாஸ்திரி ஒட்டுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் சாண்டலை அலமாரிக்குள் போட்டு மூடாமல் திண்ணையில், காற்று படும் நிழலில் சாய்த்து வையுங்கள். வாரம் ஒருமுறை உள்தளத்தைச் சோப்புத் தண்ணீரில் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்க்கலாம். நாற்றத்துக்கு நாட்டு மருந்துக் கடைப் படிகாரம் மலிவான மருந்து. ஒரு சிறிய கட்டியை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, இரவில் பத்து நிமிடம் காலை நனைத்து, துடைத்துவிட்டுப் படுங்கள். கடையில் விற்கும் வியர்வை தடுப்பான்களில் இருப்பதும் அலுமினிய உப்புகள்தான், படிகாரமும் அந்தக் குடும்பம். புண் இருக்கும் இடத்தில் மட்டும் வேண்டாம், எரியும். முகத்துக்குப் போடும் பவுடரைக் காலில் கொட்டிக்கொள்வது பலனில்லாத வேலை. வியர்வையில் குழைந்து மாவாகிவிடும்.

அலுவலகக் காலணிக்குள் சாக்ஸ் போட முடிந்தால் போடுங்கள், மதியம் ஒரு மாற்று ஜோடி. முழுப் பருத்தி சாக்ஸ் வியர்வையை உறிஞ்சிக்கொண்டு அங்கேயே வைத்திருக்கும். ஏசியில் உட்காருபவருக்கு அது போதும். நடந்துகொண்டே இருப்பவருக்குப் பருத்தியோடு செயற்கை நூல் கலந்தது சீக்கிரம் உலரும். ஒரு விஷயம் கவனியுங்கள்: அரிப்பு விரல் இடுக்கில் இல்லாமல், பாதத்தின் மேல் வார் படிந்த வடிவத்திலேயே வந்தால், அது ரப்பராலோ பசையாலோ தோல் பதனிட்ட ரசாயனத்தாலோ வரும் ஒவ்வாமையாக இருக்கலாம். அந்த வடிவத்தில் தோல் வெளுத்துப் போவதும் உண்டு. உடனே அந்தச் செருப்பை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். செருப்பையும் கையோடு கொண்டு போங்கள், அவர் கேட்பார்.

மாமியாருக்கு நாகரிகம் பார்க்காமல் எம்.சி.ஆர். செருப்பு வாங்கிக் கொடுங்கள். மைக்ரோசெல்லுலார் ரப்பர் என்று பெயர். தொழுநோயால் உணர்வு மரத்துப்போன பாதங்களைப் புண்ணிலிருந்து காப்பதற்காக, வேலூரிலும் அதை அடுத்த கரிகிரியிலும் டாக்டர் பால் பிராண்ட் போன்றவர்கள் செய்த வேலையிலிருந்து வளர்ந்தது. சர்க்கரையால் மரத்துப்போன காலுக்கும் அதே நியாயம். விரல் இடுக்கில் வார் நுழையும் மாடல் கூடவே கூடாது. மேலே அகலமாக, ஒட்டிப் பிரிக்கும் வார், பின்வார், உள்ளே பெருவிரலால் அழுத்தினால் மெத்தென்று இறங்கும் தளம், அடியில் ஆணி நுழையாத கெட்டி ரப்பர். போடுமுன் ஒவ்வொரு முறையும் உள்ளே கையை விட்டுத் துழாவச் சொல்லுங்கள். உணர்வில்லாத காலுக்கு ஒரு சிறு கல்லும் தெரியாது. கோயில்தான் பெரிய ஆபத்து. பெரிய கோயில் பிரகாரக் கல்லில் நண்பகலில் வெறுங்காலோடு நடந்து, பாதம் வெந்ததே தெரியாமல் வீட்டுக்கு வந்து கொப்புளத்தைப் பார்த்தவர்கள் உண்டு. விரித்த சாக்குப் பாதையை விட்டு விலகாமல், தடித்த பருத்தி சாக்ஸோடு, காலை எட்டு மணிக்குள் தரிசனத்தை முடித்துக்கொள்ளட்டும். சுவாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

கணவருக்கு. பைக்கில் நாற்பது நிமிடம் போகிறவர் செருப்பு போடக் கூடாது, பின்வார் உள்ளதும் கூடாது. கியர் போடும் இடது காலுக்கு மேல்பக்கம் மூடியிருக்க வேண்டும். இடது காலணியின் நெற்றி மட்டும் கறுத்துத் தேய்ந்திருப்பதைப் பாருங்கள், அது இல்லாவிட்டால் தேய்வது தோல்தான். வலைத்துணியில் செய்த லேசான ஷூ வாங்கட்டும், காற்று புகும். லேஸ் கட்டும் வகையைவிட உள்ளே நுழைக்கும் வகை நம் ஊருக்குச் சௌகரியம். நாளைக்கு எத்தனை வாசலில் கழற்ற வேண்டியிருக்கிறது. இரண்டு ஜோடி வாங்கி ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் சொல்லுங்கள். போடாத ஜோடிக்குள் பழைய நாளிதழைக் கசக்கித் திணித்து வைத்தால் மறுநாளைக்குள் ஈரத்தை இழுத்துவிடும். மழையில் நனைந்து வந்த அன்று, ஒரு மணி நேரம் கழித்து அந்தத் தாளை எடுத்துவிட்டுப் புதிதாகத் திணிக்க வேண்டும்.